மூன்று அடி குறைவு

திருப்பதியில் ஒரு விடுதிக் கல்லூரிக்குக் கராத்தே மாஸ்டர் ஒருவர் தேவைப்பட்டார். தங்குவதற்கு அறை, மூன்று வேளைச் சாப்பாடு, ஜூன் மாதத்திலிருந்து வேலை. கறுப்பு பெல்ட் சான்றிதழ் வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பச்சையப்பனிடம் இருந்தது பழுப்பு பெல்ட். அதை வாங்கி எட்டு வருஷமாகிவிட்டது. கறுப்பு பெல்ட்டுக்கான தேர்வு மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, திருப்பதியிலேயே நடக்க இருந்தது. தேறினால் ஊர் மாறலாம். தேறாவிட்டால் சித்தூர்தான், கிரீம்ஸ்பேட்டையில் அந்த வாடகை வீடுதான்.

தகவலைக் கொண்டுவந்தவன் சுரேஷ்பாபு. இருவரும் சித்தூரில் ஒன்றாக பி.காம். படித்தவர்கள், ஒன்றாகக் கராத்தே சேர்ந்தவர்கள். படிப்பு முடிந்ததும் பச்சையப்பன் பங்காருபாளையத்து மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா ஆனான். சுரேஷ்பாபு திருப்பதிக்குப் போய், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை முகூர்த்தம் இல்லாத நாட்களில் வாடகைக்குப் பிடித்து வகுப்பு நடத்தினான். வாசலில் ஒரு தகரப் பலகை. கராத்தே, டேக்வாண்டோ, குங்ஃபூ, கிக் பாக்சிங், ஜூடோ என்று வரிசையாக எழுதி, கடைசியில் தெலுங்கில் 'மற்றும் பல' என்றும் எழுதியிருந்தது. அவன் துபாயில் ஒரு ஜிம்முக்குப் போக விசாவுக்காகக் காத்திருந்தான். அதனால் கல்லூரி வேலையை நண்பனுக்கு விட்டுக்கொடுத்தான்.

"பிரின்சிபால்கிட்ட உன்னப் பத்திச் சொல்லிட்டேன் பச்சை" என்றான். "பையன் எட்டு வருஷமா ஒரே கட்டாவைப் பண்ணிக்கினு இருக்கிறான், அவ்ளோ பக்தின்னு சொன்னேன். அவரு இன்னா கேட்டாரு தெரியுமா? எட்டு வருஷமா ஒரே கிளாசா, ஃபெயிலா ஆயிட்டானான்னு கேட்டாரு."

கட்டா என்பது எதிராளி இல்லாமல் காற்றோடு போடும் சண்டை. இத்தனை அடி முன்னால், இத்தனை தடுப்பு, இத்தனை குத்து, இந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று வரிசை மாறாமல் போகும். பச்சையப்பன் செய்துவந்த கட்டாவுக்கு ஜப்பானியப் பெயர் ஒன்று உண்டு. கங்கையா மாஸ்டர் வாயில் அது ஒரு மாதிரியும் சான்றிதழின் அச்சில் வேறு மாதிரியும் இருந்ததால் பையன்கள் 'பெரிய கட்டா' என்றே சொன்னார்கள். கறுப்பு பெல்ட் தேர்வில் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான்.

எட்டு வருஷம் ஒரே கட்டாவில் நின்றதற்குப் பெரிய தத்துவம் எதுவும் காரணமில்லை. கங்கையா லாரி மெக்கானிக். மதராஸில் ஆறு வருஷம் கராத்தே பழகியவர். கிரீம்ஸ்பேட்டையில் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் ஏழு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். தொண்ணூற்றிரண்டில் குவைத்தில் வேலை கிடைத்தது. போகும்போது, "பெரிய கட்டாவை ஆயிரம் தடவை பண்ணுங்கடா, அடுத்ததை வந்து சொல்லித் தரேன்" என்றார். ஆயிரம் தடவை ஆனது. அவர் வரவில்லை. அந்தப் பாணியில் சொல்லிக்கொடுக்க சித்தூரில் வேறு ஆளும் இல்லை. நான்கு பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். ஒருவன் கடை வைத்தான். சுரேஷ்பாபு மாஸ்டர் போன நான்கு மாதத்திலேயே டேக்வாண்டோவுக்குத் தாவியிருந்தான், அதிலிருந்து அடுத்தது, அடுத்தது. பச்சையப்பன் இருந்ததை வைத்துக்கொண்டான்.

மாஸ்டர் காலி செய்த வீட்டையே அவன் வாடகைக்கு எடுத்தான். மாடி கிடைக்கிறதே என்பதுதான் காரணம். கல்யாணம் ஆனதும் தாட்சாயணி அங்கேதான் வந்தாள். காலையில் அவன் மாடியில் கட்டா செய்யும்போது கீழே சமையலறை அலமாரியில் தட்டுகள் அதிரும். கட்டாவின் நடுவில் காலை ஓங்கி ஊன்றித் திரும்பும் இடம் ஒன்று உண்டு. அதில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வரும். மூன்றாவது தடவையின் திருப்பத்துக்கு அவள் சோற்றை வடித்துவிடுவாள். கடிகாரம் பார்ப்பதில்லை. இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. தொண்ணூற்றெட்டில் ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். தட்டுகள் அதற்குப் பிறகும் அதிர்ந்தன. அவன் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வேறு ஊரில் ஓர் அறை கிடைத்தால் போகலாம் என்று மட்டும் நினைத்தான். ஓர் அறை கிடைப்பதற்கு இப்போதுதான் வழி வந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, சுரேஷ்பாபு சித்தூருக்கு வந்தான். அதே தேர்வை அவனும் எழுதப்போகிறான். துபாய்க்காரன் எத்தனை பெல்ட் என்று கேட்டிருந்தான். ஐந்து இருந்தது, ஆறாகட்டும் என்று பணம் கட்டிவிட்டான். பெரிய கட்டாவை அவன் எப்போதோ மறந்துபோனதால், பெங்களூரிலிருந்து ஒரு வீடியோ கேசட் வரவழைத்துப் பதினைந்து நாளாகப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்தான்.

"மொதல்ல நீ பண்ணு. ஒரிஜினல் சரக்க பாக்கறேன்" என்று மாடியின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தான்.

பச்சையப்பன் செய்தான். நடுப்பகுதி வந்தது. இடது கால் முன்னால் போய், தடுப்பு. காலை ஓங்கி ஊன்றினான், இடுப்பு சுழன்றது, திரும்பினான்.

"நிறுத்து, நிறுத்து" என்றான் சுரேஷ்பாபு. "மூணு அடி எங்கடா?"

"எந்த மூணு அடி?"

"தடுத்துட்டு, அப்புறம் நேரா மூணு அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு குத்து. அதுக்கப்புறந்தான் திரும்பணும். நீ தடுத்தவுடனே திரும்பிட்ட."

"கட்டாவே அதுதான்."

"கேசட்டுல ஜப்பான்காரனே பண்றாண்டா. கெழவன். தாடி வேற வச்சிக்கினு இருக்கான்."

"அது வேற பாணியா இருக்கும்."

"அதே பாணி. அட்டையிலயே போட்டிருக்குது." சுரேஷ்பாபு சுவரிலிருந்து இறங்கிச் செய்து காட்டினான். அடி ஒன்று, அடி இரண்டு. மூன்றாவது அடிக்கு இடமில்லை. மாடியின் அந்த முனையில் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி நின்றது. முழங்கை அதில் இடித்தது. அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே தொட்டியைப் பார்த்தான். பிறகு பச்சையப்பனைப் பார்த்தான்.

பச்சையப்பனும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் திருப்பத்தைப் பற்றி அவன் ஒரு நோட்டுப் புத்தகமே எழுதி வைத்திருந்தான். எதிராளி முன்னேறி வரும்போது நாம் அவனை நோக்கிப் போவதில்லை. நின்ற இடத்திலேயே திரும்புகிறோம். கால் வருமுன் இடுப்பு வந்துவிடுகிறது. அவன் அடி காலியான இடத்தில் விழுகிறது, நம் அடி அவன் விலாவில் விழுகிறது. மற்ற கட்டாக்களில் ஏன் இப்படி ஒரு திருப்பம் இல்லை, இதை மட்டும் ஏன் இப்படி வைத்தார்கள் என்று நாற்பது பக்கம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குவைத்தில் விடுமுறை. மதியம் இருவரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கூண்டில் ஒருவர்தான் நிற்க முடியும். சுரேஷ்பாபு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"மாஸ்டர், பச்சையப்பன் பேசறேன். சித்தூர்ல இருந்து."

"அடடா, பச்சை! நல்லாக்கிறியா? சம்சாரம்?"

"நல்லாக்கிறேன் மாஸ்டர்." அவருக்குத் தெரியாது. இப்போது சொல்ல நேரமில்லை. "பெரிய கட்டாவுல ஒரு சந்தேகம். நடுவுல தடுத்தவுடனே திரும்பறோமே, அதுக்கு முன்னால மூணு அடி இருக்குதா?"

கம்பியில் இரைச்சல். பிறகு கங்கையாவின் சிரிப்பு வந்தது.

"ஆமா, இருக்குது. அங்க தொட்டி இருந்துச்சே. எடம் இல்லன்னுதான் அப்படியே திரும்பச் சொன்னேன். கிரவுண்டுல பண்ணும்போது மூணு அடி போட்டுக்கோங்கன்னு மொத நாளே சொன்னேனே."

"நாங்க மூணாவது வாரம் சேர்ந்தோம் மாஸ்டர்."

"அப்டியா? கங்கம்மா ஜாத்திரைக்குப் போயிட்டு வந்து சேர்ந்தது நீங்கதானா?" மறுபடி சிரித்தார். "சரி வுடு, மூணு அடிதானே. போட்டுக்கோ. இன்னும் அதயா பண்ணிக்கினு இருக்கிற?"

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தான். சுரேஷ்பாபுவுக்குக் கேட்டிருந்தது. ரொம்ப நேரம் அடக்கிப் பார்த்து, கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் வெடித்துச் சிரித்தான்.

"வாமனனுக்கே மூணு அடி குடுத்தாங்கடா. உனக்கு அதக்கூட குடுக்கல."

பச்சையப்பன் சாறு குடித்தான். கோபம் வரவில்லை. வரவேண்டிய இடம்தான் என்று தெரிந்தது. வரவில்லை.

சாயங்காலம் மாடிக்குப் போனதும் சுரேஷ்பாபு சட்டையைக் கழற்றினான். "வா, ரெண்டு கை போடலாம். உன் மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குது."

சண்டை ஆரம்பித்தது. சுரேஷ்பாபு எதையும் ஒளிப்பவன் அல்ல. டேக்வாண்டோ உதை, கிக் பாக்சிங் குத்து, குங்ஃபூவிலிருந்து ஏதோ ஒரு கைவீச்சு, எல்லாம் கலந்து வந்தது. அழகாகவும் இருந்தது. மூன்றாவது நிமிஷம் அவன் வலது காலை முன்னால் வைத்து உள்ளே வந்தான். பச்சையப்பன் யோசிக்கவில்லை. திரும்பியிருந்தான். முஷ்டி விலாவில் தொட்டு நின்றது. இழுத்துப் பிடித்தும் 'தொப்' என்று கேட்டது.

சுரேஷ்பாபு குனிந்து மூச்சு வாங்கினான். "அஞ்சு பெல்ட்டு வச்சிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இதுலதான் மாட்டறேன்." விலாவைத் தேய்த்தான். "தப்பு கட்டாவா இருந்தா இன்னா? அடி நெஜமாத்தானே வுழுது."

"பரீட்சையில அடியப் பாக்க மாட்டாங்களே."

"அதுக்கின்னா? மூணு அடி. கொழந்தைகூட போட்டுடும்."

ஃபாக்டரியில் ஒரு வாரம் விடுப்பு கேட்டான். மாம்பழ சீசன் ஆரம்பிக்கும் நேரம். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். காலையும் மாலையும் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போனான். சுண்ணாம்பால் கோடு போட்டு, மூன்று அடிக்கும் தனித்தனியாகக் குறி வைத்தான். மூன்று அடியைத் தனியாகச் செய்தால் சரியாக வந்தது. முதலிலிருந்து கட்டாவாக ஆரம்பித்தால், அந்தத் தடுப்பு முடிந்ததும் உடம்பு திரும்பியது. மெதுவாகச் செய்தாலும் திரும்பியது. வாய்விட்டு 'முன்னால், முன்னால்' என்று சொல்லிக்கொண்டு செய்தாலும், சொல்லிக்கொண்டே திரும்பியது. தினமும் எட்டுப் பத்து முறை என்று வைத்தால்கூட எட்டு வருஷத்தில் இருபத்தைந்தாயிரம் தடவை திரும்பியிருக்கிறான். அதை ஒரு வாரத்தில் பேசிச் சம்மதிக்க வைக்க முடியவில்லை.

நான்காம் நாள் வேறொன்று நடந்தது. அலுத்துப்போய், பழையபடியே ஒருமுறை செய்துவிடலாம் என்று செய்தான். திருப்பம் வந்தது. ஆனால் தயங்கி வந்தது. இடுப்புக்கு முன்னால் கால் வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அப்படி ஆனதில்லை. அவன் சுண்ணாம்புக் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். புதியது வரவில்லை, பழையது போக ஆரம்பித்திருக்கிறது. இன்னும் மூன்று நாள் இப்படியே முட்டினால் இரண்டும் இல்லாமல் போகும். விட்டுவிட்டால் திருப்பம் மிஞ்சும், வீடும் மிஞ்சும்.

அன்று இரவு திருப்பதிக்குப் போன் செய்து, தேர்வுக்கு வரவில்லை என்று சொன்னான்.

சுரேஷ்பாபு காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான். கையில் இட்லிப் பொட்டலம். துன்னு என்று நீட்டினான். பச்சையப்பன் காரணத்தைச் சொன்னான். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டாவைப் பற்றி மட்டும் சொன்னான்.

"ஒரே ஒரு விஷயம் எனக்கு முழுசா தெரியும் சுரேஷு. அதுவும் போயிடும்போல இருக்குது."

சுரேஷ்பாபு சட்னியைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சாப்பிட்டான்.

"எங்கிட்ட எதுவும் முழுசா இல்ல. ஒத்துக்கறேன்" என்றான். "டேக்வாண்டோல மொத பாடம் காட்டுன்னு ஒருத்தன் கேட்டான். ஆரம்பிச்சேன். பாதியில குங்ஃபூவாப் போச்சு. அவன் கைதட்டினான், எனக்குத்தான் வெக்கமா இருந்திச்சு. ஆனா ஒண்ணு. என்ன எந்த ஊர்ல எறக்கி வுட்டாலும் சோறு துன்னுடுவேன். அவனுக்கு இன்னா வேணுமோ அத ஒரு வாரத்துல கத்துக்குவேன். உன்ன இந்த மாடிய வுட்டு எறக்கினா நீ இன்னா பண்ணுவ?"

பச்சையப்பன் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எறங்கணும்னுதான் இந்த வேலையவே பாத்தேன். உன் கட்டாவுக்காக இல்ல." சுரேஷ்பாபு இலையை மடித்தான். "தாட்சாயணி போனதுல இருந்து இந்த வூட்டுக்கு வரவே எனக்கு ஒரு மாதிரி இருக்குது. நீ இங்கயே படுத்து எழுந்துக்கினு இருக்கிற."

அந்தப் பெயரை இரண்டு வருஷத்தில் வேறு யாரும் அந்த வீட்டில் சொன்னதில்லை. பச்சையப்பன் எழுந்துபோய்க் கை கழுவினான். திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழம எத்தினி மணிக்கு?" என்று கேட்டான்.

"ஒம்போது. எட்டுக்கே வந்துடு."

தேர்வு ஒரு பள்ளியின் பெரிய கூடத்தில் நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். தேர்வு எடுக்க மதராஸிலிருந்து ரோஹிணி என்று ஒரு அம்மா வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், குள்ளம், மூக்குக் கண்ணாடி சரிந்துகொண்டே இருந்தது. நகரியில் தறி நெய்யும் குடும்பத்துப் பெண் என்றும், பதினைந்து வருஷம் முன்னால் மதராஸுக்குப் போய் இந்த நிலைக்கு வந்தவர் என்றும் சுரேஷ்பாபு விசாரித்து வைத்திருந்தான். ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் இளக்கம் காட்டுவார் என்பது அவன் கணக்கு. அவர் யாருக்கும் காட்டவில்லை.

சுரேஷ்பாபு முதலில் போனான். ஒரு தப்பில்லை. கேசட்டில் கிழவர் எங்கே மூச்சு விட்டாரோ அங்கே மூச்சு விட்டான்.

"எத்தினி நாளா பழகறீங்க?" என்று கேட்டார் ரோஹிணி.

"மூணு... கொஞ்ச நாளா மேடம்."

"தெரியுது" என்று மார்க் போட்டார். பாஸ்.

பதினேழாவது ஆளாகப் பச்சையப்பன் நின்றான். கூடத்தில் எந்தப் பக்கமும் எதுவும் இல்லை. நாற்பதடி நீளம் வெறும் தரை. வணங்கினான், ஆரம்பித்தான். முதல் தடுப்பிலேயே பக்கத்தில் சலசலத்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவன் அதைக் கவனிக்கவில்லை. நடுப்பகுதி வந்தது. தடுத்தான். திரும்பினான். தரை அதிர்ந்தது.

ரோஹிணி பேனாவைத் தூக்கினார். "அங்க மூணு அடி இருக்குது. மறுபடி."

இரண்டாம் முறையும் திரும்பினான். இந்த முறை அவர் நிறுத்தவில்லை. கடைசிவரை பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

"மொத்தம் மூணு வாய்ப்புதான். இது கடைசி. தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

தன்போக்கில் விட்டால் உடம்பு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்போக்கில் விடக்கூடாது, அவ்வளவுதான். மூன்றாம் முறை ஆரம்பித்தான். நடுப்பகுதியில் தடுத்தவுடன் அப்படியே நின்றான். மூச்சை முழுதாக வெளியே விட்டான். ஓடிக்கொண்டிருந்த வண்டியை நடுரோட்டில் அணைத்த மாதிரி இருந்தது. தூணோரம் யாரோ சிரித்தார்கள். அவன் முன்னால் ஓரடி வைத்தான், குத்தினான். இன்னொரு அடி. இன்னொரு அடி. நிலம் அளப்பவன் நடையாக இருந்தது. பிறகு திரும்பினான். மிச்சக் கட்டா எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துச் செய்தான். ஆரம்பித்த இடத்தில் முடிய வேண்டிய கட்டா ஒரு கஜம் தள்ளி முடிந்தது.

ரோஹிணி கொஞ்ச நேரம் எழுதினார்.

"மொதல் பாதி, நான் மதராஸ்லகூட இப்படிப் பாத்ததில்ல. ரெண்டாவது பாதி போன மாசம் சேர்ந்த பையன் மாதிரி. ரெண்டையும் கூட்டி வகுத்தா பாஸ்" என்றார்.

"தேங்க்ஸ் மேடம்."

"ஒண்ணு கேக்கறேன். மொத ரெண்டு தடவை திரும்பினீங்களே, அது யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்ல மேடம். எடம் பத்தல."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். மேற்கொண்டு கேட்பார்போல இருந்தது. "அதுக்கு இந்தத் தாள்ல மார்க் போட எடமில்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே சுரேஷ்பாபு அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு அறை அறைந்தான். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டார்கள். "ஆறு பெல்ட்டு எனக்கு, ஒண்ணு உனக்கு. மொத்தம் ஏழு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு முழு ஆளு" என்று சப்ளையரிடம் சொல்லிச் சிரித்தான். சப்ளையருக்குப் புரியவில்லை. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றிவிட்டுப் போனான்.

ஜூன் இரண்டாம் தேதி பச்சையப்பன் வீட்டைக் காலி செய்தான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், சான்றிதழ். மீதிச் சாமான்களை வீட்டுக்கார அம்மா கமலம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றான். சாவியை வாங்கிக்கொண்டு, "நல்ல பையன், சத்தம் மட்டும்தான்" என்றார் அவர். மாடியில் குதிப்பதைச் சொன்னார். திருப்பதி வண்டியில் பாகாலா தாண்டியதும் தூங்கிவிட்டான். சந்திரகிரியில் விழித்தபோது கோட்டை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கல்லூரியில் அவனுக்கு நான்கு பிரிவுகள். இரண்டு பெண்கள் விடுதி, இரண்டு பையன்கள் விடுதி. எல்லாரும் எம்செட் நுழைவுத்தேர்வு எழுதுகிறவர்கள். காலை நாலரைக்கு எழுந்து இரவு பத்து வரை படிப்பார்கள். நடுவில் நாற்பது நிமிஷம் உடற்பயிற்சி. பெற்றோருக்கு அனுப்பும் அச்சுத்தாளில் 'தற்காப்புக் கலை' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் அவனை எடுத்திருந்தார்கள். சுரேஷ்பாபு ஜூலையில் துபாய் போனான்.

பச்சையப்பன் பெரிய கட்டாவைச் சொல்லிக்கொடுத்தான். வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. தினமும் ஒரு பிரிவுக்கு இருபது முறை, நாலு பிரிவுக்கு எண்பது முறை. ஒவ்வொரு முறையும் முன்னால் நின்று, தடுத்துவிட்டு, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி மூன்று அடி வைத்தான். முதல் வாரம் எண்ணாவிட்டால் கால் திரும்பியது. இரண்டாம் வாரம் எண்ணுவது தேவைப்படவில்லை. மாதம் முடிவதற்குள் மூன்று அடிக்குப் பின் வரும் திருப்பமும் சீராயிற்று. நன்றாக இல்லை. சீராக இருந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை, வகுப்புக்கு அரை மணி முன்னால், காலி மைதானத்தில் தனியாக நின்றான். பழையதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆரம்பித்தான். தடுத்தான். கால் முன்னால் போயிற்று. மறுபடி செய்தான். மறுபடியும் முன்னால் போயிற்று. திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செய்தான். திரும்பினான், ஆனால் அது யாரோ சொல்லித் திரும்புகிறவன் மாதிரி இருந்தது. இடுப்பு பின்னால் இழுபட்டு வந்தது. ஏழெட்டு முறை முயன்றான். வர எட்டு வருஷம் ஆனது, போக எண்பது நாள் ஆகவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்தான். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். விடுதிச் சமையலறையிலிருந்து உப்புமா வாசனை வந்தது. பசித்தது. இதே மாதிரி ஒரு காலையில், இரண்டு வருஷம் முன்னால், ஆஸ்பத்திரி வாசலிலும் பசித்தது. அன்று அதற்காக வெட்கப்பட்டான். இன்று எழுந்து போய் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆறரைக்குப் பெண்கள் வந்தார்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், வரிசையாக நின்றார்கள். ஒரு சிலர் உதட்டுக்குள் இயற்பியல் சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டாவை ஒருமுறை செய்து காட்டினான். முன்வரிசையில் கல்பனா என்று ஒரு பெண், புத்தூர்க்காரி, எதற்கும் கேள்வி கேட்பவள், கையைத் தூக்கினாள்.

"சார், தடுத்தப்புறம் ஏன் மூணு அடி? எதிரி பக்கத்துலயே இருக்கானே. அங்கயே திரும்பி அடிச்சிட்டா ஆச்சே?"

பச்சையப்பன் அவளைப் பார்த்தான். நாற்பது பக்கம் எழுதியிருந்தவன். அதில் முதல் பக்கத்தை இந்தப் பெண் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

"பரீட்சையில மூணு அடின்னுதான் இருக்குது" என்றான்.

அவள் சரியென்று தலையாட்டிக் கையை இறக்கினாள். அந்தக் கல்லூரியில் அதற்குமேல் யாரும் எதையும் கேட்பதில்லை. அவன் வரிசையை நேராக்கி, எண்ண ஆரம்பித்தான். மூன்றாவது முறை செய்யும்போது, முன்வரிசையில் ஒருத்தி மட்டும் மூன்று அடி வைக்காமல் நின்ற இடத்திலேயே திரும்பினாள். மோசமாகத்தான் திரும்பினாள், விழப்பார்த்தாள். அவன் நிறுத்தவில்லை, திருத்தவுமில்லை. அடுத்த முறைக்கு எண்ணினான்.